ஒன்பதில் ஒன்று

1992-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் தேதியன்று (தேதியைக் கொண்டு வேடிக்கை பேசுவது நம் உத்தேசமன்று) இந்திய சர்க்கார், ஜினீவா நகரிலுள்ள சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் 160-ஆம் எண் உடன்படிக்கையை முறைப்படி ஏற்று உறுதி செய்தது. தொழிலாளர் புள்ளிவிவரங்களை ஒரு தேசம் எவ்வாறு திரட்ட வேண்டும், எவ்வாறு பிரசுரிக்க வேண்டும், திரட்டும் முறையை வகுக்கும்போது யாரைக் கலந்துகொள்ள வேண்டும் என்பனவற்றை வரையறுத்து 1985-இல் நிறைவேறிய அந்த உடன்படிக்கையில் கையொப்பமிட்ட தேசங்களின் வரிசையில் நம் தேசமும் இருக்கிறது என்பது பெருமைக்குரிய விஷயந்தான். ஆயினும் அந்தக் கையொப்பத்தின் கீழே என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படித்துப் பார்ப்பவருக்கு அந்தப் பெருமை சற்றே குறைந்துவிடும்.

உடன்படிக்கையின் இரண்டாம் பகுதியில், ஏழாம் பிரிவு முதல் பதினைந்தாம் பிரிவு வரை, ஒன்பது கடமைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. வேலையில் இருப்போர், வேலையில்லாதோர், இயன்றால் குறைவேலையில் காலந்தள்ளுவோர் ஆகியோரைப் பற்றிய நடப்புக் கணக்கு முதலாவது; உழைக்கும் ஜனங்கள் எந்தெந்தத் தொழிலில், எந்தெந்த நிலையில் பரவியிருக்கிறார்கள் என்று காட்டும் அடிப்படைக் கணக்கு இரண்டாவது; அதன்பின் சராசரி ஊதியமும் வேலை நேரமும், ஊதியத்தின் ஏற்றத்தாழ்வு, உழைப்புக்கு முதலாளி செலவிடும் தொகை, விலைவாசிக் குறியீட்டெண், குடும்பச் செலவு, தொழில் விபத்தும் தொழில் நோயும், கடைசியாகத் தொழில் தகராறு. இவை அனைத்தையும் ஒரே மூச்சில் ஏற்கும்படி ஏழை தேசங்களைக் கட்டாயப்படுத்துவது நியாயமாகாது என்று கருதிய மாநாடு, ஒன்பதில் ஒன்றையாவது ஏற்றால் போதும், மற்றவற்றைச் சௌகரியம்போல் பின்னர் ஏற்றுக்கொள்ளலாம் என்று பதினாறாம் பிரிவில் தாராளமாக வழிவிட்டது. நம் சர்க்கார் அந்தத் தாராளத்தை அதன் கடைசி எல்லை வரை உபயோகித்துக்கொண்டு, எட்டாம் பிரிவு ஒன்றை மட்டும், அதாவது உழைக்கும் ஜனங்களின் அமைப்பைக் காட்டும் அடிப்படைக் கணக்கை மட்டும், ஏற்றுக் கையொப்பமிட்டது. மற்ற எட்டுப் பிரிவுகளும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஏற்கப்படாமலேயே நிற்கின்றன.

ஏன் எட்டாம் பிரிவு என்று கேட்டால் அதற்கு ஒரு விவேகமான காரணம் உண்டு. 1881 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை, உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த 1941-இல்கூட விட்டுவிடாமல், ஜனத்தொகைக் கணக்கெடுப்பை நடத்திவந்த தேசம் இது. அந்தக் கணக்கெடுப்பில் ஒவ்வொருவரும் செய்யும் தொழிலும் கேட்கப்படுவதால், எட்டாம் பிரிவு கோரும் கணக்கு எவ்வித விசேஷ முயற்சியும் இன்றியே நம் கையில் வந்து சேர்ந்துவிடும். ஏற்கெனவே செய்துவரும் காரியத்தையே செய்வதாக வாக்குக் கொடுப்பதில் சிரமமில்லை. உடன்படிக்கையோடு சேர்ந்து பிறந்த 170-ஆம் எண் பரிந்துரையும், இந்த அடிப்படைக் கணக்கைப் பத்தாண்டுக்கு ஒருமுறையேனும் எடுக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. நூறாண்டுப் பழக்கத்துக்கும் சர்வதேச விதிக்கும் இவ்வளவு பொருத்தம் அமைந்திருந்தபோது, ஏற்ற ஒரே ஒரு வாக்கு தவறிப்போகும் என்று 1992-இல் யார்தான் எதிர்பார்த்திருப்பார்கள்?

தவறித்தான் போயிற்று. 2011-க்குப் பின் 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு, கொள்ளைநோயைக் காரணம் காட்டித் தள்ளிவைக்கப்பட்டு, நோய் தணிந்து, பள்ளிகள் திறந்து, தேர்தல்கள் நடந்து முடிந்த பின்னரும் தள்ளிக்கொண்டே போய், கடைசியில் 2027 மார்ச் முதல் தேதியை ஆதார நேரமாகக் கொண்டு நடைபெறும் என்று 2025 ஜூன் 16-ஆம் தேதியன்று அறிவிக்கை வெளியாயிற்று. பத்தாண்டு இடைவெளி பதினாறு ஆண்டாயிற்று. ஒன்பதில் எட்டை விலக்கிவிட்டு ஒன்றை மட்டும் ஏற்ற தேசம், அந்த ஒன்றையும் காலத்தில் நிறைவேற்றவில்லை என்பதை, ஜினீவாவுக்கு அனுப்பும் அறிக்கைகளில் எவ்வளவு நயமான வாசகங்களால் எழுதினாலும் மறைக்க இயலாது.

இதெல்லாம் ஜினீவாவுக்கும் டில்லிக்கும் இடையிலான கடிதப் போக்குவரத்து, நாகப்பட்டினத்துக் குடியானவனுக்கும் கூலியாளுக்கும் இதனால் ஆவதென்ன என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு முதலில் ஒரு சிறிய விஷயத்தைச் சொல்லலாம். 2011-ஆம் ஆண்டுக் கணக்கில் நாகப்பட்டினம் மாவட்டத்தின் ஜனத்தொகை 16,16,450. அந்த மாவட்டம் இன்று இல்லை. சீர்காழி, மயிலாடுதுறை, தரங்கம்பாடி, குத்தாலம் ஆகிய வட்டங்கள் 2020 டிசம்பரில் மயிலாடுதுறை மாவட்டமாகப் பிரிந்துபோய், நாகப்பட்டினம், கீழ்வேளூர், திருக்குவளை, வேதாரண்யம் என்னும் நான்கு வட்டங்களோடு நாகை மாவட்டம் சுருங்கிவிட்டது. விவசாயக் கூலிகள் எத்தனை பேர், கடல்தொழில் செய்வோர் எத்தனை பேர், வேதாரண்யத்து உப்பளங்களில் பாத்தி மிதிப்போர் எத்தனை பேர் என்பதற்கு மாவட்ட அளவில் நம்மிடம் இருக்கும் முழுக் கணக்கு, வேறொரு மாவட்டத்தின் பழைய கணக்கேயாகும். அதைத் தாலுகா தாலுகாவாகப் பிரித்துக் கூட்டிப் பார்த்தாலும், கஜா புயலுக்கு முன், கொள்ளைநோய்க்கு முன், அறுவடை மெஷின் வயலெங்கும் பரவுவதற்கு முன் இருந்த ஓர் ஊரின் படமே கிடைக்கும்.

ஆயினும் ஜனத்தொகைக் கணக்கு வராத குறையைக் காட்டிலும் பெரிய குறை ஒன்று உண்டு. அது, மற்ற எட்டுப் பிரிவுகளில் அடங்கிய விஷயங்களை நாம் கணக்கெடுக்காமல் விட்டோம் என்பதன்று. உண்மையில் அவற்றில் பெரும்பாலானவற்றை நாம் கணக்கெடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். விலைவாசிக் குறியீட்டெண்ணைச் சிம்லாவிலும் சண்டீகரிலும் இருக்கும் தொழிலாளர் பணியகம் மாதந்தோறும் வெளியிடுகிறது. வேலைநிலையைப் பற்றி, தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் 1972-73 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பெரிய ஆய்வுகளை நடத்தியது. 2017 ஏப்ரல் முதல் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் நடந்து, 2025 முதல் மாதந்தோறும் எண்களைத் தருகிறது. கணக்கு இருக்கிறது, கடமை இல்லை. கடமை இல்லாத கணக்கு, வெளியிடுவோரின் சித்தத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது. அது எவ்வளவு ஆபத்தானது என்பதை 2019 ஜனவரியில் தேசம் கண்டது. வேலையின்மை 6.1 விழுக்காடு என்று சொன்ன முதல் ஆண்டறிக்கைக்குத் தேசியப் புள்ளியியல் ஆணையம் சம்மதம் தந்த பின்னரும் அது வெளியிடப்படாமல் இருக்க, ஆணையத்தின் தற்காலிகத் தலைவர் பி. சி. மோகனனும் உறுப்பினர் ஜே. வி. மீனாட்சியும் பதவி விலகினார்கள். அறிக்கையின் எண்கள் பத்திரிகையில் கசிந்தன. தேர்தல் முடிந்து, புதிய மந்திரிசபை பதவியேற்ற மறுநாள், மே 31-ஆம் தேதியன்று, அதே எண் அதிகாரபூர்வமாக வெளிவந்தது. அதே ஆண்டு நவம்பரில், 2017-18-க்கான குடும்பச் செலவு ஆய்வின் முடிவுகளை வெளியிடுவதில்லை என்று சர்க்கார் தீர்மானித்தது. குடும்பச் செலவு, உடன்படிக்கையின் பதின்மூன்றாம் பிரிவு. நாம் ஏற்காத பிரிவு.

இனி அந்த வேலையின்மை எண்கள் எவ்வாறு உருவாகின்றன என்பதைச் சற்று அருகில் சென்று பார்ப்போம்.

மாசி மாதக் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ்வேளூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்று. சம்பா அறுவடை முடிந்துவிட்டது; முடித்தது பெல்ட் மெஷின். ஒரு காலத்தில் ஆணும் பெண்ணுமாக ஒரு கூட்டமே இறங்கி அறுத்து, கட்டுக்கட்டி, களத்தில் அடித்துத் தூற்றிய வேலை, இப்போது மணிக் கணக்கில் வாடகை பேசி ஏக்கருக்கு இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. அறுவடைக்குச் சில நாள் முன்பு நெற்பயிரின் ஈரத்திலேயே தெளித்த உளுந்து காய்த்து முற்றிக் கிடக்கிறது. அதைப் பிடுங்க ஒரு நாள் அழைத்தார்கள். ஒரு நாள் சென்று வந்தாள் ஒருத்தி. மறுநாள் அழைப்பில்லை, அதற்கு மறுநாளும் இல்லை. நூறு நாள் வேலை அந்த வாரம் அந்த ஊராட்சியில் நடக்கவில்லை. இந்த நிலையில் கையில் டேப்லெட்டோடு கணக்கெடுப்பாளர் வந்து, கடந்த ஏழு நாட்களைப் பற்றிக் கேட்கிறார். ஏழு நாட்களில் ஏதேனும் ஒரு நாளில் ஒரு மணி நேரமாவது வேலை செய்தவர், நடப்பு வாரக் கணக்கின்படி வேலையில் இருப்பவர். எனவே அவள் வேலையில் இருக்கிறாள். மீதி ஆறு நாட்கள், மாதச் செய்திக்குறிப்பைப் பொறுத்த மட்டில், நடக்கவே இல்லை.

அடுத்த வீட்டில் இருப்பவள், கணவன் கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் செய்யும் சாகுபடியில் உடனிருந்து உழைப்பவள். நாற்றுப் பறிக்கும் நாளில் ஆட்களுக்குச் சோறு வடிப்பதும், மடை திருப்புவதும், கொள்முதல் நிலையத்தில் நெற்குவியலுக்குக் காவல் கிடப்பதும் அவள் பங்கு. கையில் ஒரு காசு வருவதில்லை. அவளுக்குக் குறியீட்டு எண் 21: ஊதியமின்றிக் குடும்பத் தொழிலில் உதவுபவர், வேலையில் இருப்பவர். மூன்றாம் வீட்டில் ஒருத்தி ஆட்டுக்குத் தழை ஒடித்து வருகிறாள், கருவை விறகு வெட்டிச் சுமந்து வருகிறாள், வீட்டுக்கு வேண்டிய துணியைத் தானே தைத்துக்கொள்கிறாள். அவளுக்கு எண் 93: வீட்டு வேலையோடு இலவசமாகப் பொருள் சேகரிப்பவர், உழைப்பாளர் கூட்டத்தில் சேராதவர். விடிந்தது முதல் அடைந்தது வரை மூவரும் ஓயவில்லை. ஒருத்தி தொழிலாளி, ஒருத்தி உதவியாளர், ஒருத்தி எதுவுமில்லை. மூவரில் எவளும் வேலையில்லாதவள் அல்லள். ஆகவே அந்தத் தெருவில் வேலையின்மை பூஜ்யம்.

கணக்கெடுப்பாளர் தவறு செய்யவில்லை. அவர் தம் கையேட்டை அனுசரித்தார். கையேடு தவறு என்று சொல்லவும் நான் துணியமாட்டேன். ஒரு மணி நேர விதி ஜினீவாவிலிருந்தே வந்தது. 1982-இல் கூடிய தொழிலாளர் புள்ளியியலாளர்களின் பதின்மூன்றாம் சர்வதேச மாநாடு அதைத் தீர்மானித்தபோது, தேசிய வருமானக் கணக்கில் சேரும் உற்பத்தி முழுவதற்கும் ஈடான உழைப்பு முழுவதும் வேலைக் கணக்கிலும் வந்தாக வேண்டும், சிறு வேலையும் விட்டுப்போகலாகாது என்பதே அதன் தர்க்கம். அந்தத் தர்க்கத்தில் பிழையில்லை. ஆனால் அதே மாநாட்டு மரபு, ஒரு மணி நேரம் உழைத்தவரை வேலையில் இருப்பவராக எண்ணினால், போதிய நேரம் வேலை கிடைக்காதவரைத் தனியே எண்ணிக் காட்ட வேண்டும் என்றும் சேர்த்தே சொல்லியிருக்கிறது. 2013 அக்டோபரில் கூடிய பத்தொன்பதாம் மாநாடு இதை இன்னும் தெளிவாக்கி, வேலையின்மை விகிதம் ஒன்றையே தனியாகக் காட்டி நிறுத்திவிடாமல், நேரக் குறைவால் ஏற்படும் குறைவேலையைச் சேர்த்து ஓர் அளவு, வேலை தேடிச் சலித்து ஒதுங்கியவர்களைச் சேர்த்து ஓர் அளவு, அனைத்தையும் கூட்டி ஓர் அளவு என, வேலையின்மை விகிதத்தோடு சேர்த்து நான்கு அளவுகளைத் தேசங்களுக்கு வகுத்துக் கொடுத்தது. நாமோ மருந்தை வாங்கிக்கொண்டு பத்தியத்தை விட்டுவிட்டோம். மாதந்தோறும் வரும் செய்திக்குறிப்பில் முன்னிற்பவை, உழைப்பில் பங்கேற்போர் விகிதம், வேலையில் இருப்போர் விகிதம், வேலையின்மை விகிதம் என்னும் மூன்று மட்டுமே. உளுந்து பிடுங்கிய அந்தப் பெண்ணின் ஆறு நாட்களுக்கு அந்த மூன்றிலும் இடமில்லை.

அதே பத்தொன்பதாம் மாநாடு, ஊதியத்துக்காகவோ லாபத்துக்காகவோ செய்வதே வேலைவாய்ப்பு, தன் வீட்டு உபயோகத்துக்காக உற்பத்தி செய்வது வேறு வகை உழைப்பு, இரண்டையும் பிரித்து, இரண்டையும் எண்ண வேண்டும் என்றது. நம் கணக்கோ வீட்டுச் சாப்பாட்டுக்காகவே பயிரிடுபவரையும் வேலைவாய்ப்புப் பெற்றவராகவே இன்றும் சேர்க்கிறது. இதனால் நேரும் விளைவு சாமானியமானதன்று. 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் உழைப்பில் பங்கேற்போர் 2017-18-இல் 23.3 விழுக்காடாக இருந்து 2023-24-இல் 41.7 விழுக்காடாக உயர்ந்ததாக ஆண்டறிக்கைகள் சொல்கின்றன. கிராமப் பெண்களிடையே உயர்வு இன்னும் அதிகம். ஆறே ஆண்டுகளில் ஒரு தேசத்தின் பெண்கள் இவ்வளவு பேர் வேலைக்கு வந்துவிட்டார்கள் என்றால் அது சரித்திரத்தில் பொறிக்க வேண்டிய செய்தி. ஆனால் அந்த உயர்வின் பெரும்பகுதி, சொந்தச் சாகுபடியிலும் ஊதியமில்லாத குடும்ப உதவியிலும் வந்தது. புதிய அளவுகோலில் அளந்தால் இவர்களில் எத்தனை பேர் நிற்பார்கள், எத்தனை பேர் வேறு பத்திக்குப் போவார்கள் என்பதைச் சர்க்காரே கணக்கிட்டு இரண்டு முறைகளிலும் பக்கத்தில் பக்கத்தில் வெளியிட்டால், பெருமைப்படுவதா கவலைப்படுவதா என்பதை நாமே தீர்மானித்துக்கொள்ளலாம்.

வேடிக்கை என்னவென்றால், இந்த விஷயத்தில் இந்தியா ஒரு காலத்தில் ஜினீவாவுக்கு முன்னோடியாக இருந்தது. மேல்நாட்டு ஆலைத் தொழிலாளியை மனத்தில் வைத்து வகுத்த வேலையின்மை அளவு, பருவத்துக்கும் மழைக்கும் கட்டுப்பட்ட நம் கிராமத்துக்குப் பொருந்தாது, ஒரே எண்ணில் அதை அடைக்க முயல்வதே பிழை என்று, பேராசிரியர் எம். எல். தாந்த்வாலா தலைமையிலான நிபுணர் குழு 1970-இலேயே அபிப்பிராயம் தெரிவித்தது. அதன் பயனாகவே, ஆண்டு முழுவதையும் பார்க்கும் வழக்க நிலை, ஏழு நாட்களைப் பார்க்கும் வார நிலை ஆகியவற்றோடு, ஒவ்வொரு நாளையும் அரை நாட்களாகப் பிரித்து எத்தனை அரை நாள் வேலை, எத்தனை அரை நாள் சும்மா என்று எண்ணும் தின நிலையும் நம் ஆய்வுகளில் இடம் பெற்றது. டெல்டாவின் உழைப்பை அளக்க அந்தத் தின நிலையைப் போலப் பொருத்தமான அளவுகோல் வேறில்லை என்பது என் துணிபு. ஏனென்றால் இங்கே உழைப்பு நாட்களாகவே பேசப்படுகிறது, நாட்களாகவே விற்கப்படுகிறது, நாட்களாகவே இல்லாமற்போகிறது. இன்று மாதந்தோறும் வெளிவரும் அறிக்கையில் வார நிலை மட்டுமே உள்ளது. வேகமாகக் கணக்குத் தர வேண்டும் என்னும் ஆசை நல்லதே. ஆனால் வேகத்துக்காகக் கைவிட்டது எதுவென்றால், நமக்கு மிகவும் வேண்டியிருந்த அளவையே.

கூலி விகிதத்தின் கதையும் இதுபோன்றதே. கிராமப்புறக் கூலியைத் தொழிலாளர் பணியகம் உழவு, விதைப்பு, அறுப்பு என்று தொழில்வாரியாக, ஆண் பெண் வேறுபாட்டோடு, மாதிரிக் கிராமங்களில் திரட்டி, மாநிலச் சராசரியாக வெளியிடுகிறது. அந்த வரிசையில் தமிழ்நாடு எப்போதும் மேல்படியில் நிற்கும். டில்லியில் உட்கார்ந்து அதைப் படிப்பவர், காவிரிக் கரையில் கூலியாட்களுக்குக் குறையொன்றுமில்லை என்று நினைத்துவிட்டால் அவரைக் குறைசொல்ல முடியாது. ஒரு நாள் கூலி எவ்வளவு என்று அந்த அட்டவணை சொல்கிறதேயன்றி, ஆண்டில் அந்தக் கூலி எத்தனை நாள் கிடைத்தது என்பதைச் சொல்வதில்லை. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்தாலும், கடைமடையான நாகைக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும். வாராத ஆண்டில் குறுவை இல்லை. நேரடி விதைப்பு வந்தபின் நடவு ஆட்களின் நாட்கள் குறைந்தன. களைக்கொல்லி வந்தபின் களையெடுப்பு நாட்கள் குறைந்தன. மெஷின் வந்தபின் அறுப்பு நாட்கள் அநேகமாக இல்லை. விகிதம் ஏறிக்கொண்டே போகிறது, நாட்கள் இறங்கிக்கொண்டே வருகின்றன. இரண்டையும் பெருக்கினால் வரும் தொகையில்தான் குடும்பம் ஜீவிக்கிறது. அந்தப் பெருக்கல், மாவட்ட அளவில், எந்த சர்க்கார் அட்டவணையிலும் என் கண்ணில் பட்டதில்லை.

கடற்கரைக்குப் போனாலும் நிலைமை வேறில்லை. அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், நம்பியார் நகர் முதலிய ஊர்களில் கூலி என்பதே இல்லை, பங்குதான். டீசல், ஐஸ், உணவுச் செலவு கழித்து மிஞ்சியதில் படகுக்கு இவ்வளவு, ஆட்களுக்கு இவ்வளவு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் கரையில் உட்கார்ந்து தன் வலையை ஒரு மணி நேரம் சீர்செய்தாலும் அவர் வேலையில் இருப்பவரே. ஆண்டுக் கணக்கிலோ அந்த 61 நாட்கள் அடையாளமின்றிக் கரைந்துபோகும். கடலில் மூழ்கியோ, இயந்திரத்தில் கை சிக்கியோ, வயலில் பூச்சிமருந்து தெளிக்கும்போது மயங்கி விழுந்தோ பாதிக்கப்படுபவர், தொழில் விபத்துக் கணக்கில் வருவதில்லை. பதிவான தொழிற்சாலை, சுரங்கம், துறைமுகம் முதலியவற்றுக்குள் நேரும் விபத்தே நம் கணக்கில் தொழில் விபத்து. இது உடன்படிக்கையின் பதினான்காம் பிரிவு. இதையும் நாம் ஏற்கவில்லை.

நாகை வட்டாரத்தில் உழைப்பின் கணக்கு வெறும் காகித விஷயமாக ஒருபோதும் இருந்ததில்லை. பண்ணையாளின் கூலி எத்தனை மரக்கால், அறுப்புக் கூலி எந்த விகிதம் என்ற வழக்குகளிலேதான் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் கட்டிய விவசாயிகள் சங்கம் வளர்ந்தது; 1952-இல் தஞ்சாவூர் குத்தகைதாரர் மற்றும் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25-ஆம் தேதி இரவு கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் ஒரு குடிசைக்குள் எரிந்து சாம்பலானதன் பின்னணியில் நின்றதும், அறுப்புக் கூலியைச் சிறிதளவு நெல் கூட்டிக் கேட்ட கோரிக்கையேயாகும். அதன்பின் கணபதியா பிள்ளை கமிஷன் விசாரித்து, கீழ்த்தஞ்சைக்கென்று 1969-இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. எண் பிழையாக இருந்தால் யார் எவ்வளவு விலை கொடுக்க நேரும் என்பதை இந்த மண்ணுக்கு யாரும் பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

சரியான கணக்கு சாத்தியமில்லை என்று சொல்வதற்கும் இங்கே இடமில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களை அவரவர் ஊர்களுக்கு அனுப்பித் திரட்டிய விவரங்களை 1918-இல் நூலாக வெளியிட்டபோது, அதில் ஒன்றாக இடம்பெற்ற கிராமம், அன்றைய தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த பாலக்குறிச்சி. இன்றைய நாகை மாவட்டத்து ஊர். பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மறுபடி ஆராய்ந்து 1940-இல் நூல் வெளியிட்டார்கள். 2019-ஐ ஒட்டி ஃபவுண்டேஷன் ஃபார் அக்ரேரியன் ஸ்டடீஸ் என்னும் ஆய்வு அமைப்பு பாலக்குறிச்சியையும் வெண்மணியையும் வீடுவீடாகக் கணக்கெடுத்தது. யார் எத்தனை நாள் உழைத்தார், எந்த வேலைக்கு எவ்வளவு பெற்றார் என்பதை, நூறாண்டு இடைவெளியில் ஒப்பிட்டுப் பார்க்கும் பாக்கியம் நாகை மாவட்டத்தின் ஒரு கிராமத்துக்குக் கிடைத்திருக்கிறது. விடுமுறையில் ஊருக்கு வந்த ஒரு கல்லூரி மாணவரால் தொடங்க முடிந்த காரியம், ஆண்டுக்கு லட்சக்கணக்கான வீடுகளில் கணக்கெடுக்கும் சர்க்காரால் தொடர முடியாது என்றால் அதை எப்படி நம்புவது?

நியாயமாகப் பேசுவதானால், அண்மையில் நேர்ந்த ஒரு நல்ல மாறுதலையும் சொல்ல வேண்டும். 2025 ஜனவரி முதல் காலமுறைக் கணக்கெடுப்பின் மாதிரி, ஆண்டுக்கு ஏறத்தாழ 1 லட்சம் வீடுகளிலிருந்து சுமார் 2.72 லட்சம் வீடுகளாகப் பெருகியிருக்கிறது; மாதிரியைத் தேர்ந்தெடுக்கும் அடிப்படை அலகாக மாவட்டம் கொள்ளப்பட்டிருக்கிறது. மாவட்ட எண்களுக்கு இதனால் வழி திறந்திருக்கிறது. ஆனால் வழி திறப்பதும் எண் வெளிவருவதும் ஒன்றன்று. அந்த எண்களை எந்த வடிவத்தில் தருவது என்று தீர்மானிக்கும்போது, உடன்படிக்கையின் மூன்றாம் பிரிவை நம் சர்க்கார் நினைவில் கொள்வது நலம்: கருத்தமைப்பு, வரையறை, முறை ஆகியவற்றை வகுக்கும்போது தொழிலாளர், முதலாளிகள் ஆகியோரின் பிரதிநிதி ஸ்தாபனங்களைக் கலந்துகொள்ள வேண்டும் என்கிறது அது. கலந்துகொள்வதென்றால் டில்லியில் மத்தியத் தொழிற்சங்கங்களை ஒரு மண்டபத்துக்கு அழைத்துத் தேநீர் கொடுத்து அனுப்புவதன்று. தடைக்காலத்தை எப்படி எண்ணுவது, கூலியாகக் கிடைக்கும் உளுந்துப் பங்கை எப்படி மதிப்பிடுவது, வேலைக்குப் போகத் தயாராக இருந்தும் அழைப்பு வராத நாளை எந்தப் பத்தியில் எழுதுவது என்று, கீழ்வேளூரிலும் வேதாரண்யத்திலும் இருக்கும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களையும் மீனவர் பஞ்சாயத்துக்களையும் கேட்பதே கலந்துகொள்வது.

எட்டுப் பிரிவுகளையும் நாளையே ஏற்றுவிடுங்கள் என்று நான் வற்புறுத்தவில்லை. ஏழாம் பிரிவு கோரும் நடப்புக் கணக்கை நாம் ஏற்கெனவே மாதந்தோறும் எடுக்கிறோம். பன்னிரண்டாம் பிரிவு கோரும் விலைக் குறியீட்டெண்ணையும் எடுக்கிறோம். அவற்றை ஏற்பதில் புதிய செலவு ஒரு காசுமில்லை, குறைவேலைக் கணக்கை மறைக்காமல் முன்வைப்பது ஒன்றே புதிய சிரமம். ஒன்பதாம் பிரிவான ஊதியமும் வேலை நேரமும், பதினான்காம் பிரிவான விபத்தும், சற்று உழைப்பையும் அவகாசத்தையும் கோரும். ஐந்தாண்டு அவகாசம் எடுத்துக்கொள்ளட்டும். எந்தப் பிரிவை எப்போது வேண்டுமானாலும் ஏற்பதாகத் தெரிவிக்கப் பதினாறாம் பிரிவு இடம் தருகிறது. புதிய சட்டம் வேண்டாம், பார்லிமெண்டில் விவாதம்கூட வேண்டாம். மத்தியத் தொழிலாளர் மந்திரியின் கையொப்பத்தோடு ஸ்தாபனத்தின் தலைமை இயக்குநருக்கு ஒரு கடிதம் போதும். அந்தக் கடிதத்தைக் கேட்டுப் பெறுவது நாகைத் தொகுதியின் பார்லிமெண்ட் உறுப்பினருக்கும், தமிழ்நாட்டிலிருந்து டில்லி செல்லும் ஏனையோருக்கும் தகுந்த வேலை.

கடைசியாக, டெல்டாவின் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. 2027 பிப்ரவரியில் ஜனத்தொகைக் கணக்கெடுப்பாளர் வீட்டு வாசலில் வந்து நின்று, வீட்டுப் பெண்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்கும்போது, வீட்டு வேலைதான் என்று ஆண்பிள்ளைகள் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடாதீர்கள். கடந்த கணக்கெடுப்பில் ஆறு மாதத்துக்கு மேல் உழைத்தவர் முதன்மைத் தொழிலாளர் என்றும், அதற்குக் குறைந்தவர் குறுகிய காலத் தொழிலாளர் என்றும் பிரிக்கப்பட்டார்கள். மூன்று மாதத்துக்கும் குறைவாக உழைத்தவர் தனியே எண்ணப்பட்டார்கள். நடவுக்கு எத்தனை நாள், களைக்கு எத்தனை நாள், உளுந்துக்கு எத்தனை நாள், நூறு நாள் வேலைக்கு எத்தனை நாள் என்று கூட்டிச் சொல்லும்படி அந்தப் பெண்களையே பேசவிடுங்கள்.